ஏற்காட்டையும் தீவு மாதிரி கணக்குப் போடுங்கள்

ராமேஸ்வரம் போன்ற தீவில் நன்னீர் உப்புநீரின் மேல் மிதக்கிறது. கடல்மட்டத்துக்கு மேல் 1 மீட்டர் நன்னீர் நின்றால், கீழே சுமார் 40 மீட்டர் வரை நல்ல தண்ணீர். மோட்டார் போட்டு மேலே அரை மீட்டர் இறக்கினால் நாளடைவில் அடியில் 20 மீட்டர் உப்பு ஏறும். அங்கே எதைக் கட்டலாம் என்பதைத் தண்ணீர்தான் தீர்மானிக்கணும்.

விடுதி கட்ட அனுமதி கேட்கிற ஏற்காட்டு மலைக்கும் இதே கணக்குதான். இங்கே உப்பு பயம் இல்லை. ஆனால் வெளியிலிருந்து எந்த ஆறும் மேலே ஏறி வரப்போவதில்லை. சேர்வராயன் மலைமேல் பெய்வதுதான் வரவு. அதிலும் மேல்மண்ணிலும் பாறை வெடிப்பிலும் தங்குவதுதான் கோடைக்கு மிஞ்சும்.

இப்போது செலவைப் பாருங்கள். தேசியக் கட்டட விதிப்படி விடுதியில் ஒரு படுக்கைக்கு நாளைக்கு 180 லிட்டர். 40 அறை, 80 பேர் என்றால் 14,400 லிட்டர். ஜனவரி முதல் ஏப்ரல் வரை 120 நாள் நிறைந்திருந்தால் 17 லட்சம் லிட்டருக்கு மேல், அதாவது 12,000 லிட்டர் லாரியில் 144 லோடு. இது ஒரே ஒரு விடுதிக்கு. போர்வெல் போட்டால் பக்கத்துத் தோட்டத்துக் கிணறும் கீழே இருக்கிற ஊற்றும்தான் முதலில் வற்றும்.

கழிவுநீர் இன்னும் மோசம். செப்டிக் டேங்க் கசடைத்தான் பிடித்து வைக்கும், வெளியே வரும் நீரில் கிருமி அப்படியே இருக்கும். சமவெளியில் ஆழமான மண் அதை வடிகட்டும். இங்கே உறிஞ்சுகுழியைப் பாறைவரை தோண்டிவிட்டால் வெடிப்பு வழியாக நேரே கீழ்க் கிணற்றுக்குப் போய்விடும். குழிக்கு அடியில் 2 மீட்டர் மண்ணாவது இல்லாத இடத்தில் குழியே கூடாது. சுத்திகரித்துத் தோட்டத்துக்குப் பாய்ச்சட்டும். திருமணிமுத்தாறு இந்த மலையிலிருந்துதான் சேலத்துக்குள் இறங்குகிறது, மறக்க வேண்டாம்.

அடுத்தது ஜேசிபி. சரிவைச் செங்குத்தாக வெட்டி, அதே மண்ணைக் கீழ்ப்பக்கம் கொட்டி, அதன்மேலேயே தூண் நிறுத்துகிறார்கள். கொட்டின மண் ஐப்பசி மழையில் ஊறிக் கனத்து இறங்கும். தடுப்புச்சுவரில் கசிவுத்துளை, சுவருக்குப் பின்னால் ஜல்லி, மேலே மழைநீரைத் திருப்பிவிடும் வாய்க்கால், இந்த மூன்றும் வேண்டும். இல்லாத சுவர் தண்ணீர் அழுத்தத்திலேயே வயிறு தள்ளிவிடும். நிழல்மரத்தோடு இருக்கிற காபித் தோட்டம் இலைச்சருகில் மழையை வாங்கி மண்ணுக்குள் விடுகிறது. அதை வெட்டி மனை போடுவது இருக்கிற வரவையும் குறைப்பதுதான்.

ஹாகா என்ற மலைப்பகுதிப் பாதுகாப்புக் குழுமத்தின் கட்டுப்பாடு 1990 முதல் இருக்கிறது. அனுமதிக் கோப்பில் மூன்று தாள் கட்டாயமாகட்டும்: கோடைத் தண்ணீர் எங்கிருந்து, கழிவுநீர் எங்கே, சரிவை எத்தனை மீட்டர் வெட்டுகிறீர்கள். மூன்றையும் கிராம சபையில் வாசித்துக் காட்டிய பிறகுதான் கையெழுத்து விழணும்.