நாற்பதை நெருங்குகிறவன் டயாப்லோ விளையாடினால் யாருக்கு என்ன நஷ்டம்?

ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுத் திறந்த இல்ல உபசரிப்பில் எடுத்த படத்தை இந்நேரம் கோலாலம்பூர் செந்தூலில் பாதிப் பேர் பார்த்திருப்பார்கள். கையில் முறுக்கோடு நான் கணினி முன்னால் குனிந்து உட்கார்ந்திருக்கும் படம்தான். மேலே ‘பழைய நினைப்புடா பேராண்டி’ என்று ஒரு வரி. நண்பன் ஒருவன் என் வீட்டுக்கு வந்து, எங்கம்மா செய்த ஆட்டுக்கறிப் பிரட்டலை இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, போகிற வழியில் காரிலிருந்தே இணையத்தில் போட்டிருக்கிறான். யார் யார் சிரித்தீர்கள் என்றும் பார்த்தேன். சொந்தக்காரர்களே அதிகம்.

படம் எடுத்ததில் கோபம் இல்லை. (கொஞ்சம் இருக்கிறது.) அந்த வரிதான் உறுத்துகிறது. நான் டயாப்லோ 2 விளையாடுவது பழைய நினைப்பில் இல்லை. அது நல்ல கேம், அதனால் விளையாடுகிறேன்.

2000-இல் வந்த, அரக்கர்களைக் கொன்று பொருள் சேர்க்கிற கணினி கேம். அடுத்த வருடம் அதன் கூடுதல் பகுதி லார்ட் ஆஃப் டிஸ்ட்ரக்‌ஷன் வந்தது, 2021 செப்டம்பரில் ரிசரெக்டட் என்று புதுப்பித்து விட்டார்கள். இருபது வருடம் கழித்தும் ஒரு நிறுவனம் அதையே தூசு தட்டி விற்கிறது, ஜனங்கள் வாங்குகிறார்கள் என்றால் அதில் ஏதாவது இருக்க வேண்டாமா? ஆன்லைனில் ஒவ்வொரு முறை புதிதாக ஆட்டம் தொடங்கும்போதும் வரைபடம் மாறிவிடும். நேற்று போன வழி இன்றைக்கு இருக்காது. ஒவ்வொரு நிலை ஏறும்போதும் ஒரே ஒரு திறன் புள்ளி கிடைக்கும், அதை எதில் போடுவது என்று மண்டை காயும். எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம் போட்டவன் நைட்மேர் என்ற இரண்டாம் கடினநிலையில் திணறி, ஹெல் என்ற மூன்றாவதில் அழுவான். அந்தக் காலத்தில் போட்டது போட்டதுதான். 2010-இல் வந்த 1.13 திருத்தத்துக்குப் பிறகுதான் புள்ளிகளை எடுத்து மாற்றிப் போட வழி கிடைத்தது. செத்தால் போட்டிருந்த கவசம், வாள் எல்லாம் பிணத்தோடு அங்கேயே கிடக்கும். ஊரில் வெறும் உடம்போடு எழுந்து, உன்னைக் கொன்ற அதே கூட்டத்துக்கு நடுவில் ஓடிப்போய் எடுக்க வேண்டும். பயம் என்றால் அதுதான் பயம். இதில் பழைய நினைப்பு எங்கே வந்தது? இது கேமின் வேலை.

‘கிராபிக்ஸ் கண்ணை உறுத்தலையா?’ என்று ஒருவர் கேட்டிருந்தார். ரிசரெக்டடில் ஜி பொத்தானைத் தட்டினால் பழைய உருவம் வரும், மறுபடி தட்டினால் புதியது வரும். எது பிடிக்கிறதோ அதில் விளையாடுங்கள். முடிந்தது.

‘வயசுக்கு ஏத்த வேலையா இது?’ என்று கேட்ட அண்ணனுக்குத்தான் நான் பதில் சொல்ல வேண்டும். அண்ணே, நீங்கள் விடிகாலை மூன்று மணிக்கு மாமாக் கடையில் தே தாரிக்கோடு உட்கார்ந்து லிவர்பூல் ஆட்டம் பார்க்கிறீர்கள். பதினொரு பேர் உங்களுக்காக ஓடுகிறார்கள், நீங்கள் ரொட்டி சானாய் சாப்பிடுகிறீர்கள், அதற்குப் பெயர் விளையாட்டு ஆர்வம். காராக் நெடுஞ்சாலையில் கார் ஓட்டும்போது எண்பதுகளின் பாட்டையே திரும்பத் திரும்பப் போடுகிறீர்கள், அதற்குப் பெயர் ரசனை. நான் என் வீட்டில், என் மின்கட்டணத்தில், ஒரு நல்ல கேமைத் திரும்ப விளையாடினால் மட்டும் மனநல ஆலோசனை தேவைப்படுகிறதா?

ஒரே இடத்துக்குத் திரும்பத் திரும்பப் போய் மெஃபிஸ்டோ என்ற அரக்கனையே கொன்றுகொண்டிருப்பது சலிக்காதா என்பது நியாயமான கேள்விதான். சலிக்கும். பை சின்னது, அதில் பாதியைத் தாயத்துகளே அடைத்துக்கொள்ளும் என்பதும் உண்மை. ஆனால் சலிப்பே இல்லாத நல்ல பொருளை யாராவது காட்டுங்கள், பிறகு பேசலாம்.

‘சின்ன வயசுல விளையாடாதவனுக்கு இது பிடிக்குமா?’ என்று சிலர் புத்திசாலித்தனமாகக் கேட்பார்கள், தெரியும். அக்கா மகன் இருக்கிறானே, அவனைக் கேளுங்கள். 2011-இல் பிறந்தவன். பள்ளி விடுமுறைக்கு வந்தவன் நெக்ரோமான்சர் என்ற மந்திரவாதிப் பாத்திரத்தை எடுத்து, எலும்புக்கூடுகளை எழுப்பிக்கொண்டு, சாப்பிடக் கூப்பிட்டாலும் எழுந்திருக்கவில்லை. அவனுக்கு ஏதுங்க பழைய நினைப்பு? நல்ல கேம். அவ்வளவுதான்.

பழைய நினைப்பு என்றே பேச வேண்டும் என்றால், அந்த வரியை எழுதியவனைப் பற்றிப் பேசலாமா?

படிவம் மூன்று. செந்தூலில் கடைவரிசையின் மாடியில் ஒரு சைபர் கஃபே, மணிக்கு இரண்டு வெள்ளி. பள்ளிச் சீருடையில் விட மாட்டார்கள், அதனால் பையில் ஒரு டீ-சட்டை எப்போதும் இருக்கும். பாதிப் பேர் கவுன்டர் ஸ்டிரைக்கில் கத்திக்கொண்டிருப்பார்கள். நாங்கள் நாலு பேர் மூலையில், கணினிகளைக் கம்பியில் இணைக்கும் லேனில் டயாப்லோ. கேமில் வளர்த்த ஆளை பிளாப்பியில் காப்பி பண்ணி வீட்டுக்கு எடுத்துப் போவோம். சில கேபி அளவுதான், ஆனால் அந்த பிளாப்பியைத் தங்கச்சி கண்ணில் படாமல் அகராதிக்குள் ஒளித்து வைத்திருந்தேன். அந்தக் கணினிகளின் வேகத்துக்கு டூரியல் என்ற அரக்கன் இருக்கிற அறை திறந்து படம் தெரிவதற்குள் நாம் செத்திருப்போம்.

இந்த கேமில் கீழே விழுகிற பொருள் எல்லோருக்கும் பொது. முதலில் கிளிக் செய்தவனுக்குச் சொந்தம். (டயாப்லோ 3-இல் அவரவருக்குத் தனித்தனியாக விழும். பிறகு அதிலேயே நிஜக் காசுக்கு ஏலக்கடை திறந்து, 2014-இல் மூடினார்கள். அது வேறு கதை.) ஒரு நாள் நைட்மேரில் ஆண்டாரியல் என்ற அரக்கி விழுந்தாள். தரையில் தங்க நிற எழுத்தில் ஒரு மோதிரம். கடைசி அடி என்னுடையது, மருந்தெல்லாம் காலி. என் மவுஸ் நகர்வதற்குள் ஒருவன் எடுத்துவிட்டான். பொருளை அடையாளம் காட்டும் சுருளைப் பிரித்துப் பார்த்தால் ஸ்டோன் ஆஃப் ஜோர்டன். எல்லாத் திறனுக்கும் ஒரு படி கூட்டும் மோதிரம், அந்தக் காலத்தில் ஆன்லைனில் அதையே பணம் மாதிரி வைத்துப் பண்டமாற்று செய்தார்கள். எடுத்தவன் யார் என்று ஊகித்திருப்பீர்கள். ‘மச்சான், நமக்குள்ள என்னடா’ என்றான். நானும் விட்டுவிட்டேன். கோபம் இல்லை, சும்மா சொல்கிறேன்.

ரிசரெக்டடில் என்னை உண்மையிலேயே கடுப்பாக்கிய விஷயம் ஒன்று உண்டு, அதைப் பற்றி யாரும் மீம் போடுவதில்லை. டிசிபி/ஐபி வசதியை எடுத்துவிட்டார்கள். பாதுகாப்புக் காரணம் என்றார்கள். அதாவது நாங்கள் அன்று மூலையில் உட்கார்ந்து, இணையத்தைத் தொடாமல், கம்பியில் கோத்துக்கொண்டு விளையாடினோமே, அது இப்போது முடியாது. பக்கத்து நாற்காலியில் இருப்பவனோடு விளையாடவும் எங்கேயோ இருக்கிற சர்வர் வழியாகத்தான் போய் வர வேண்டும். அந்த சைபர் கஃபே இருந்த மாடியும் இப்போது காசு போட்டால் துவைக்கும் டோபி கடை. சரி, அதற்கு என்ன செய்ய முடியும்.

ஆனால் மோதிரத்தை எடுத்த ஆள் இருக்கிறானே. ரிசரெக்டட் வாங்கிய அன்றைக்கே முதல் செய்தி அவனுக்குத்தான் அனுப்பினேன். ‘பார்பேரியன் எடுக்குறியா, பழைய மாதிரி?’ என்று. இரண்டு நீலக் குறி விழுந்தது, பதில் வரவில்லை. வேலை இருக்கும், பிள்ளைகள் இருக்கிறார்கள், புரியாதவன் இல்லை நான். ஆனால் ஞாயிறன்று என் பின்னால் வந்து நின்றவன் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டிருக்கலாம். பக்கத்திலேயே இரண்டு காலியாகக் கிடந்தன. அவன் கைப்பேசியை எடுத்தான்.

இதை வைத்து எங்களுக்குள் சண்டை என்று யாரும் கிளப்ப வேண்டாம். அம்மா ஏற்கெனவே போன் பண்ணிக் கேட்டுவிட்டார்.

சனிக்கிழமை அக்கா மகன் மறுபடி வருகிறான். இரண்டாம் அத்தியாயத்தில் பாலைவனத்தைத் தாண்டிவிட்டோம், அடுத்தது ஏழு கல்லறைகள். எது சரியானது என்று குறியைப் பார்த்து அவனே கண்டுபிடிக்கட்டும், நான் வாயைத் திறக்கப் போவதில்லை. விழுகிற மோதிரத்தையும் அவனே எடுத்துக்கொள்ளட்டும்.