அந்தப் பையைப் பற்றி, கடைசியாக ஒருமுறை

செவ்வாய்க்கிழமை முகநூலில் ஒரு தம்பியின் பதிவில் நடந்ததை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். ஊரிலிருந்து திரும்பி வந்த ரயிலில், புனே தாண்டி கல்யாண் வருவதற்குள், தலைமாட்டில் வைத்திருந்த பை போய்விட்டது. வேலையில் சேர்ந்து நான்கே மாதம். ஆபீஸ் லேப்டாப். அதை எழுதும்போது அந்தப் பையன் எந்த மனநிலையில் இருந்திருப்பான்?

அதற்குக் கீழே நான் எழுதியது மூன்றே வரி. "மனசு விடாதே. இனி வாங்கும்போது லோகோ எதுவும் இல்லாத சாதாரணக் கறுப்புப் பையாக, தையல் கெட்டியாக இருக்கிறதா என்று பார்த்து வாங்குப்பா. தாராவியில் நன்றாகச் செய்து தருபவர்கள் இருக்கிறார்கள், நானே கூட்டிப் போகிறேன்." அதற்கு வந்த பதில், "லட்ச ரூபா லேப்டாப்பைத் தாராவி மால்ல வெச்சுட்டுப் போகச் சொல்றீங்களா மேடம்?" மால் என்றால் ஹிந்தியில் சரக்கு, இங்கே மட்டச் சரக்கு என்ற கேலி. அந்தப் பதிலுக்கு நாற்பது சிரிப்புப் பொம்மைகள். பெயர்களைத் திறந்து பார்த்தேன். பதினொரு பேர் என் நண்பர்கள் பட்டியலில் இருப்பவர்கள். இரண்டு பேர் எங்கள் வீட்டில் சாப்பிட்டவர்கள்.

அன்றைக்கு நான் பதில் எழுதவில்லை. கோபத்தில் எழுதினால் சரியாக வராது. இப்போது மூன்று நாள் ஆகிவிட்டது, எழுதுகிறேன்.

முதலில் நான் சொல்ல வந்த விஷயம். பை தனக்குள் என்ன இருக்கிறது என்று ஊருக்குச் சொல்லக் கூடாது. தம்பி வைத்திருந்தது வேலையில் சேர்ந்த அன்று கொடுத்த பை. முதுகு முழுக்க வெள்ளி எழுத்தில் கம்பெனி பெயர். லேப்டாப் வைக்கும் இடம் தனியாகப் புடைத்துக்கொண்டு தெரியும். தூரத்திலிருந்து பார்த்தாலே உள்ளே இருப்பது வேட்டி சட்டையா, லேப்டாப்பா என்று யாருக்கும் விளங்கிவிடும். ஒரு பெட்டியில் எழுபது எண்பது பை இருக்கும்போது எதை எடுப்பது என்று யோசிக்கும் வேலையை நாம் ஏன் திருடனுக்கு மிச்சப்படுத்த வேண்டும்?

இப்படிச் சொன்னால் உடனே, பையைப் பறிகொடுத்தவனையே குறை சொல்கிறாயா என்று கேட்பீர்கள். இல்லை. திருடியவன்தான் குற்றவாளி. அதில் எனக்கு இரண்டாம் பேச்சு கிடையாது. ஆனால் என் ஆச்சி திருநெல்வேலியிலிருந்து பம்பாய்க்கு ரயிலேறும்போது பணத்தைச் சுருக்குப் பையில் போட்டு இடுப்பில் செருகி, மேலே முந்தானையைச் சுற்றிக்கொண்டுதான் உட்காருவாள். மடியில் கனம் இருந்தால் வழியில் பயம் என்று தெரிந்தவள். கனத்தை அவளால் குறைக்க முடியாது, வெளியே தெரியாமல் வைத்துக்கொள்ள முடியும். நான் சொன்னதும் அவ்வளவுதான். உள்ளே இருப்பதைப் பை சொல்லக் கூடாது.

"அப்படியானால் திருட முடியாத பை வாங்கட்டுமே" என்று ஒரு அண்ணன் எழுதியிருந்தார். ஓடு மாதிரி விறைப்பாக, நம்பர் பூட்டு வைத்து வருகிறதே, அதைச் சொல்கிறார். அண்ணா, அந்தப் பூட்டு ஜிப்பைத் திறந்து மூடும் இரண்டு ரன்னர்களைத்தான் சேர்த்துப் பிடிக்கிறது. ஜிப்பைப் பிடிப்பதில்லை. வீட்டில் சுருள் வகை ஜிப் (தனித்தனிப் பற்கள் இல்லாமல் நைலான் சுருளால் ஆனது) உள்ள ஒரு பழைய பையை எடுங்கள், பூட்டுங்கள். ஒரு பால்பாயின்ட் பேனா முனையை ஜிப்பின் நடுவில் வைத்து அழுத்துங்கள். பிளந்துகொண்டு திறக்கும். வேண்டியதை எடுத்துக்கொண்டு, பூட்டோடு சேர்த்து ரன்னர்களை ஒரு தடவை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இழுத்தால் பழையபடி மூடிக்கொள்ளும். திறந்த அடையாளமே இருக்காது. என் அப்பா சாப்பாட்டு மேஜையில் இதைச் செய்து காட்டியபோது எனக்குப் பதினாறு வயது. அன்றிலிருந்து ஜிப்பின் பூட்டை நான் நம்புவதில்லை. லேப்டாப் அறையின் வாய் நம் முதுகோடு ஒட்டியிருக்கும் பக்கம் இருக்க வேண்டும். பையைக் கழற்றாமல் அதை யாரும் திறக்க முடியாது. எனக்குத் தெரிந்த நல்ல பூட்டு அதுதான்.

அப்பாவைப் பற்றிச் சொல்லித்தான் ஆக வேண்டும். இங்கே பலருக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் அந்தச் சிரிப்புப் பொம்மையைப் போட்டிருக்க மாட்டார்கள் என்று நினைத்துக்கொள்கிறேன்.

அப்பா தாராவியில் முப்பத்தொரு வருடம் பை தைத்தவர். முதலில் தோல், பிறகு ரெக்சின், கடைசிப் பத்து வருடம் நைலான் துணி. பத்துக்குப் பன்னிரண்டு அடியில் ஒரு அறை, நாலு மிஷின், மேலே ஏணி வைத்து ஏறினால் எங்கள் வீடு. கீழே மிஷின் ஓடினால் மேலே தண்ணீர்ப் பானையில் தண்ணீர் அதிரும். அந்தச் சத்தத்தில்தான் நான் பன்னிரண்டாம் வகுப்புக்குப் படித்தேன்.

பையை எப்படிப் பார்க்க வேண்டும் என்று அவர்தான் சொல்லிக் கொடுத்தார். கடையில் எந்தப் பையைக் கொடுத்தாலும் முதலில் வெளிப்பக்கத்தைப் பார்க்கவே மாட்டார். ஜிப்பைத் திறந்து உள்ளே கையை விட்டு ஓரங்களைத் தடவுவார். வெட்டிய துணியின் விளிம்பு பட்டி வைத்து மூடித் தைக்கப்பட்டிருக்கிறதா, நூல் பிசிறு விரலில் மாட்டுகிறதா என்று பார்ப்பார். பிசிறு மாட்டினால் அந்த இடம்தான் ஒருநாள் பிரியும். அப்புறம் தோள்வார் பையோடு சேரும் இடம். லேப்டாப், சார்ஜர், டிபன் பாக்ஸ், தண்ணீர் எல்லாம் சேர்ந்து நாலைந்து கிலோ அந்த இரண்டு விரற்கடை இடத்தில்தான் தொங்குகிறது. அங்கே ஒற்றை வரித் தையல் இருந்தால் திருப்பிக் கொடுத்துவிடுவார். கட்டம் போட்டு நடுவில் பெருக்கல் குறி மாதிரி தைத்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் முன்னும் பின்னுமாக நெருக்கிப் பூட்டுத் தையலாவது போட்டிருக்க வேண்டும். நெருக்கம் என்றால் எல்லா இடத்திலும் நெருக்கம் அல்ல. நீண்ட தையலில் ஊசி ரொம்ப நெருங்கிக் குத்தினால் தபால்தலை ஓரம் மாதிரி துணி கிழிந்துவிடும். "அங்குலத்துக்கு ஏழு தையல் போதும்மா" என்பார்.

அடிப்பாகத்தைக் கட்டைவிரலால் அழுத்துவார். லேப்டாப் உறை பையின் அடிவரை போகக் கூடாது, இரண்டு விரல் உயரத்தில் நின்றுவிட வேண்டும். பையைத் தொப்பென்று தரையில் வைக்கும்போது முதல் அடி லேப்டாப்புக்கு விழாமல் இருப்பது அதனால்தான். ஆயிரக்கணக்கில் விலை வைத்து விற்கும் பல பைகளில் இது கிடையாது. போய்ப் பாருங்கள்.

துணிக்கு வருவோம். 1680 டெனியர், 1000 டெனியர் என்று அட்டையில் பெரிதாகப் போடுகிறார்கள். 9000 மீட்டர் நூல் எத்தனை கிராம் எடையோ அத்தனை டெனியர். அது நூலின் பருமன், துணியின் ஆயுள் இல்லை. 500 டெனியர் நல்ல நைலான் துணி ஒருவருக்கு ஆபீஸ் போய் வரத் தாராளம். மும்பைக்கு அதைவிட முக்கியம் உள்பக்கப் பூச்சு. தண்ணீர் புகாமல் இருக்கத் துணியின் உள்ளே பாலியூரிதேன் பூசியிருப்பார்கள். மட்டமான பூச்சு இந்த ஊர்ப் புழுக்கத்தில் இரண்டு மூன்று மழைக்காலத்தில் பிசுபிசுத்து, கருவாட்டுத் தோல் மாதிரி உரிந்து வரும். உங்களில் பாதிப் பேர் வீட்டு அலமாரியில் அப்படி ஒரு பை இருக்கும். பிராண்ட் பையாகத்தான் இருக்கும்.

ஜிப்பில் ரன்னரின் பின்பக்கம் பெரும்பாலும் ஒரு எண் இருக்கும். பெரிய அறைக்கு 8 அல்லது 10, சின்ன பாக்கெட்டுக்கு 5. ஜப்பான்காரர்கள் 1934-ல் தொடங்கிய ஒய்கேகே நல்ல ஜிப்தான், ஆனால் அந்த மூன்று எழுத்தைப் பார்த்ததும் நம்பிவிடாதீர்கள். போலியும் வருகிறது. மூலை திரும்பும் இடத்தில் ஒற்றைக் கையால் இழுத்துப் பாருங்கள். சிக்காமல் வந்தால் சரி.

இப்போது 2005-க்கு வருவோம். ஜூலை 26. மும்பை சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை. அப்போது எனக்கு முதல் வேலை, சாக்கிநாக்கா பக்கம் ஆபீஸ். அந்த வாரம்தான் கையில் ஆபீஸ் லேப்டாப் கொடுத்திருந்தார்கள். மாலை நாலு மணிக்குக் கிளம்பி, குர்லா வழியாக நடந்து, வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது மறுநாள் அதிகாலை. குர்லாவில் தண்ணீர் நெஞ்சு வரை. அப்பா தைத்துக் கொடுத்த பையைத் தலையில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நடந்தேன். மேல் மூடி ஜிப்பை முழுதாக மறைத்து நாலு விரல் கீழே இறங்கும்படி அப்பா தைத்திருந்தார். உள்ளே ரெக்சின் லைனிங். வீட்டு வாசலில் நின்ற அப்பா என்னைக் கட்டிக்கொண்டு அழுதார். அழுது முடித்ததும் பையை வாங்கி உள்ளே கைவிட்டுப் பார்த்தார். லேப்டாப் காய்ந்து இருந்தது. அந்த ஒரு நொடியில் அவர் முகத்தில் வந்ததை நான் வேறு எப்போதும் பார்த்ததில்லை.

தலையில் வைத்து நடந்ததால்தான் தப்பித்தது, தைத்த துணிப்பை எதையும் தண்ணீரில் முக்கினால் உள்ளே போகத்தான் செய்யும். அதை மறைக்க மாட்டேன். ஆனால் பத்து மணி நேர மழையில் மேலிருந்து ஒரு சொட்டு இறங்கவில்லை. அந்தப் பையைப் பதினொரு வருடம் பயன்படுத்தினேன். தோள்வார் இரண்டு தடவை மாற்றினோம், ஜிப் ஒரு தடவை. தைத்த ஆள் பக்கத்தில் இருந்தால் பை சாவதில்லை.

"பிராண்ட் என்றால் வாரன்டி இருக்கிறதே" என்று கேட்டவர்களுக்கு. இருக்கிறது. எனக்கும் ஒரு பிராண்ட் பை இருந்தது. ஒன்றரை வருடத்தில் தோள்வார் பிய்ந்தது. கொண்டுபோனால், பயன்படுத்தித் தேய்ந்ததற்கு வாரன்டி பொருந்தாது என்றார்கள். பையைப் பயன்படுத்தாமல் வேறு என்ன செய்வது? கடைசியில் அப்பாவே பிரித்துத் தைத்துக் கொடுத்தார், இருபது நிமிடத்தில். நல்ல வாரன்டி கொடுப்பவர்களும் இருக்கலாம், வாங்கத் தெரிந்தவர்கள் வாங்கட்டும்.

"ஆபீசில் கிளையன்ட் முன்னால் மரியாதை வேண்டாமா?" வேண்டும். பளிச்சென்ற லோகோதான் மரியாதை என்று உங்களுக்கு யார் சொன்னது? சுத்தமாக, ஒழுங்காக, கறுப்பிலோ கருநீலத்திலோ இருக்கும் பை எந்த அறைக்குள்ளும் போகலாம். நான் பிகேசிக்கு, அதாவது பாந்த்ரா-குர்லா காம்ப்ளெக்ஸ் என்ற பெரிய ஆபீஸ் பகுதிக்கு, பதினாறு வருடமாகப் போய் வருகிறேன். ராணுவ பாணியில் பட்டை பட்டையாகத் தொங்கும் பையையும் இதே காரணத்துக்காகத்தான் வேண்டாம் என்கிறேன். அது இன்னும் சத்தமாகப் பேசும். காலை எட்டரை மணி லோக்கல் ரயிலில் ஒவ்வொரு பட்டையும் இன்னொருவர் பையிலோ துப்பட்டாவிலோ மாட்டும். கூட்டத்தில் பையை முன்பக்கம் மாட்டிக்கொள்ள வேண்டும், அதனால் இருபது இருபத்திரண்டு லிட்டருக்கு மேல் வேண்டவே வேண்டாம். விமானத்திலும் முன் இருக்கைக்கு அடியில் போய்விடும்.

எல்லாத் தாராவிப் பையும் நல்ல பையா என்று ஒரு தங்கை கேட்டிருந்தார். அது நியாயமான கேள்வி. இல்லம்மா. மட்டமானதும் அங்கேதான் தைக்கப்படுகிறது. ஏன் என்று எனக்குத் தெரியும். மொத்த வியாபாரி வந்து பைக்கு முப்பது ரூபாய் குறை என்பான். வாடகை நிற்கிறது, நாலு பேருக்குக் கூலி நிற்கிறது. அப்பா ஒப்புக்கொள்வார். அப்புறம் ஃபோம் மெல்லிசாகும், உள் பட்டி போய்விடும், பெருக்கல் தையல் ஒற்றை வரியாகும். அந்த மாதிரி சரக்கு தைக்கும் வாரங்களில் அப்பா வீட்டில் யாரோடும் பேச மாட்டார். நல்ல பை தைக்கத் தெரிந்த கையை மட்டமான பை தைக்க வைத்தது யார்? அறுநூறு என்று சொன்ன அதே பையை நானூறுக்குப் பேரம் பேசியவர்கள்தானே?

லேபிளைக் கடைசியில்தான் தைப்பார்கள், தெரியுமா? பை முழுதாக முடிந்த பிறகு ஒரு சின்னத் துண்டு. ஒரே அளவு, ஒரே துணி, ஒரே கை. மூன்று பேருக்கு மூன்று லேபிள். ஒன்று ரயில்வே பிளாட்பாரத்துக்குப் போகும், ஒன்று கடைக்கு, ஒன்று கண்ணாடி ஷோரூமுக்கு. சிறுவயதில் லேபிளை எண்ணிக் கட்டு கட்டும் வேலை என்னுடையது. நீங்கள் ஷோரூமில் பணம் கொடுத்து மரியாதையோடு வாங்கி வந்த பையை எங்கே தைத்தார்கள் என்று உங்களால் அடித்துச் சொல்ல முடியுமா?

"தாராவி மால்" என்ற அந்த வார்த்தை. அதை எழுதியவர் தமிழர். சிரித்த நாற்பது பேரும் தமிழர்கள். அந்தச் சந்துகளில் தோல் பதனிட்டு, பை தைத்து, பிள்ளைகளைப் படிக்க வைத்து பிகேசிக்கு அனுப்பியதும் தமிழர்கள்தான். தாராவிக்கும் பிகேசிக்கும் நடுவே இருப்பது மித்தி ஆறு, ஒரு பாலம். அந்தப் பாலத்தைத் தாண்டுவதற்கு எங்கள் வீட்டில் ஒரு தலைமுறை ஆனது. திரும்பிப் பார்த்துச் சிரிக்க உங்களுக்கு எத்தனை நாள் ஆனது?

விளையாட்டாகச் சொன்னது என்று இன்பாக்ஸில் ஒருவர் எழுதினார். எனக்கு விளையாட்டாக இல்லை. அப்பாவுக்கு இப்போது கண் தெரிவது குறைவு, முகநூல் பார்ப்பதில்லை. அந்த ஒன்றுக்காக இந்த வாரம் நிம்மதிப்பட்டேன். கண் நன்றாக இருந்திருந்தால் அவரும் அந்த வரியை வாசித்திருப்பார்.

தம்பி, நீ எதற்கும் வருத்தப்படாதே. போலீஸ் புகார் நகலை ஆபீசில் கொடுத்துவிட்டாய் அல்லவா, அது போதும். ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு சயான் ஸ்டேஷன் வெளியே வந்து நில். அப்பாவிடம் வேலை பழகியவர் ஒருவர் இன்னும் அதே சந்தில் தைக்கிறார். விலை அவர் சொல்வதுதான், பேரம் கிடையாது. புது லேப்டாப் கைக்கு வராவிட்டால் அதன் நீள அகலத்தை மட்டும் அனுப்பு. அப்பா அட்டையில் அளவு வெட்டித் தருகிறேன் என்கிறார், விரலால் தடவியே வெட்டிவிடுவார்.