கொம்பு தனியாக நின்றால் எந்த கிளாஸும் உதவாது

சனிக்கிழமை கூட்டத்துக்கு வந்தவர்களுக்கு விஷயம் தெரியும். வராதவர்களுக்கும் இதற்குள் யாராவது ஸ்கிரீன்ஷாட் அனுப்பியிருப்பார்கள். நாங்கள் எழுதும் டாகுமெண்ட் எடிட்டரின் நிரலைத் திரையில் ஏற்றி, "ஆப்ஜெக்ட் ஓரியண்டட் டிசைன் இதில் எங்கே இருக்கிறது, எல்லாவற்றையும் க்யூட்டி தலையில் கட்டிவிட்டு ஒரு பூதாகாரமான கிளாஸ் எழுதி வைத்திருக்கிறார்கள்" என்று ஒரு நண்பர் சொன்னார், நாற்பது பேர் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வேறென்ன செய்ய. புதியவர்களுக்கு: க்யூட்டி என்பது ஜன்னல், பட்டன், எழுத்துப் பெட்டியெல்லாம் ஆயத்தமாகத் தரும் லைப்ரரி, அதாவது பிறர் எழுதி வைத்த நிரல் தொகுப்பு. கிளாஸ் என்பது நிரலை வேலைவாரியாகப் பிரித்து வைக்கும் துண்டு, அப்படிப் பிரித்து எழுதுவதுதான் ஆப்ஜெக்ட் ஓரியண்டட் டிசைன்.

டாகுமெண்ட் எடிட்டருக்கு லைப்ரரி தேடும்போது முதலில் பார்க்க வேண்டியது அது எழுத்தை எப்படி அடுக்குகிறது, கர்சரை எங்கே நிறுத்துகிறது என்பதைத்தான். பட்டன், மெனு எல்லாம் யார் வேண்டுமானாலும் தருவார்கள். கிளாஸ்கள் எவ்வளவு அழகாக ஒன்றிலிருந்து ஒன்று பிறக்கின்றன என்பதெல்லாம் அப்புறம், ரொம்ப அப்புறம்.

க்யூட்டிக்கு வருவதற்கு முன்னால் எட்டு மாதம், குழந்தை தூங்கிய பிறகு உட்கார்ந்து எழுத்து அடிக்கும் பெட்டியை, அதாவது டெக்ஸ்ட் விட்ஜெட்டை, சொந்தமாக எழுதினேன். எழுத்துக்கு ஒரு கிளாஸ், வரிக்கு ஒன்று, பத்திக்கு ஒன்று. அந்த நண்பர் பார்த்திருந்தால் கட்டிப்பிடித்திருப்பார். திருநெல்வேலியில் டிடிபி கடை வைத்திருக்கும் சித்தப்பாவிடம் கொடுத்தேன். கோயில் நோட்டீஸ் அடிப்பவர், அதனால் அடித்த முதல் சொல்லே 'கொடை'. யூனிகோடில் 'கொ' என்பது இரண்டு குறியீடுகள், ககரமும் ஒகரக் குறியும். என் அழகான கிளாஸ் இரண்டையும் தனித்தனியாக வரைந்தது, ககரம் இல்லாமல் நின்ற குறிக்கு நடுவில் ஒரு புள்ளி வட்டம் விழுந்தது. "ஏல, கொம்புக்கும் காலுக்கும் நடுவுல இது என்னல வட்டம்?" என்றார். எட்டு மாதமும் அந்த வட்டத்துக்குள் போயிற்று.

க்யூட்டியோ, அதுபோன்ற ஜிடிகேயோ, அடியில் குறியீடுகளைச் சேர்த்து எழுத்தாக அடுக்கும் இந்த வேலையைச் செய்வது ஹார்ஃப்பஸ் என்ற லைப்ரரி. லிப்ரே ஆபீஸே 2017இல், 5.3 பதிப்பில், எல்லா இயங்குதளங்களிலும் அதற்கு மாறிவிட்டது. அவ்வளவு பெரிய கூட்டமே இதில் கெட்டிக்காரத்தனம் காட்டவில்லை, நான் காட்ட வேண்டுமாம்.

க்யூட்டியின் லைசென்ஸை நம்பலாமா என்பீர்கள். சரி, இது நியாயமான கேள்வி. 1995இல் மத்தியாஸ் எட்ரிச் தொடங்கிய லிக்ஸ் என்ற டாகுமெண்ட் எடிட்டர், அப்போது மூலநிரல் தராத எக்ஸ்ஃபார்ம்ஸ் என்ற முகப்பு லைப்ரரி மேல் நின்றது. அவரே அதை க்யூட்டிக்கு மாற்றி கேலிக்ஸ் என்று கொண்டுவந்தபோது லிக்ஸ்காரர்களுக்கு மனக்கசப்பு. அப்புறம் அவர்கள் உள்வேலையையும் முகப்பையும் பிரிக்க வருடக்கணக்கில் பாடுபட்டு, 2003இல் 1.3 பதிப்பில் க்யூட்டி முகப்பைக் கொடுத்தார்கள். அதற்குள், 2000இலேயே, க்யூட்டி ஜிபிஎல் என்ற கட்டற்ற லைசென்ஸுக்கு வந்திருந்தது. 2009இல் அதைவிடத் தளர்வான எல்ஜிபிஎல். 2021 தொடக்கத்தில் க்யூட்டி 5.15 பதிப்பின் திருத்தங்கள் முதலில் காசு கொடுப்பவர்களுக்குத்தான் என்றபோது எனக்கும் வயிறு எரிந்தது. அதனால்தான் நம்ம எடிட்டரில் ஆவண அமைப்பு க்யூட்டியைத் தொடாமல் தனி ஃபோல்டரில் இருக்கிறது. சனிக்கிழமை அந்த ஃபோல்டரை யாரும் திறக்கவில்லை.

"எலக்ட்ரானில் இரண்டு நாளில் முடிக்கலாமே?" முடிக்கலாம் சாமி, அது குரோம் பிரவுசரின் அடிப்படையான குரோமியத்தையே முழுசாக உள்ளே வைத்துக்கொண்டு ஓடுவது. குரோமியம் தமிழை நன்றாகவே காட்டுகிறது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஒரு முழு பிரவுசரைச் சுமக்க சித்தப்பா கடைக் கம்ப்யூட்டரில் இருப்பது 2 ஜிபி ராம். அடுத்த கேள்வி.

அந்தப் பெரிய கிளாஸ் அசிங்கம்தான், ஆமாம். மூவாயிரத்துச் சொச்சம் வரி. மூன்று பேர் சம்பளமில்லாமல் எழுதியது, அதில் ஒருவர் கல்யாணம் முடித்துப் போனவர் இன்னும் திரும்பவில்லை. 'இதை உடைத்துத் தர ஆள் வேண்டும்' என்று இரண்டு வருடமாக ஒரு இஷ்யூ, அதாவது வேலைக் கோரிக்கை, திறந்தே கிடக்கிறது, கீழே பதினொரு கட்டைவிரல், திருத்திய நிரலாக ஒரு பேட்ச் இல்லை. சிரிக்க மட்டும் நாற்பது பேர் வருகிறார்கள்.

ஞாயிறு காலை, மானத்தைவிட்டுச் சொல்கிறேன், யாராவது எதையாவது அனுப்பியிருப்பார்களா என்று நிரல் இருக்கும் ரெப்போவைத் திறந்து பார்த்தேன். புதிதாக ஒரே ஒரு இஷ்யூ. சித்தப்பா கடைப் பையன் போட்டது: கல்யாணப் பத்திரிகையில் 'ஸ்ரீ'க்கு நடுவில் கர்சர் போய் நிற்கிறதாம்.