விதி எண்டு சொல்ல முதல் பெல்ற்றின் திகதியைப் பாருங்கோ

மண் றேஸில் ஒரு கார் பிரண்டால் நம்மூரில் இரண்டு கதைதான். "நடத்தினவங்கள் சரியில்லை", இல்லாட்டி "அவன்ர விதி". முதலாவது பல நேரம் உண்மை. ஆனால் இரண்டு கதையிலும் ஓட்டினவர் காணாமல் போய்விடுகிறார். பெல்ற் போட்டவரும் அவர்தான், கொடியைக் கண்டவரும் அவர்தான்.

2024 ஏப்ரல் 21, தியத்தலாவ பொக்ஸ் ஹில் பந்தயப் பாதை. ஏழு பேர் இறந்தார்கள். அதில் ஒருத்தி எட்டு வயதுச் சிறுமி. பாதையோரம் கடமையில் நின்றவர்களும் அதற்குள் அடக்கம். ஏற்கெனவே ஒரு கார் பிரண்டு கிடந்தது, வேகத்தைக் குறைக்கச் சொல்லி மஞ்சள் சைகை காட்டிக்கொண்டிருந்தார்கள் என்று நேரில் கண்டவர்கள் சொன்னார்கள். அதற்குப் பிறகுதான் இன்னொரு கார் பாதையை விட்டு விலகிச் சனத்துக்குள் போனது. சனத்தை ஏன் அந்த இடத்தில் நிற்க விட்டார்கள் என்பது நடத்தினவர்களிடம் கேட்கவேண்டியது. மஞ்சளைக் கண்டால் கால் எங்கே இருக்கவேண்டும் என்பது ஸ்ரேறிங் பிடிக்கும் ஒவ்வொருவரும் தன்னைக் கேட்கவேண்டியது.

மஞ்சள் கொடி என்றால் முந்தக்கூடாது, வேகத்தைக் குறைக்கவேண்டும், நிற்கவும் தயாராக வரவேண்டும். "முன்னால போறவன் குறைக்கேல்லை, நான் ஏன் குறைப்பான்?" என்ற நினைப்புத்தான் ஆளைக் கொல்லுகிறது. மணிக்கு 100 கிலோமீற்றரில் ஒரு செக்கனுக்குக் கிட்டத்தட்ட 28 மீற்றர் போகிறீர்கள். உதிரி மண்ணில் பிறேக் பிடிக்கும் தூரம் தார் றோட்டைப் போல இராது. சோழகம் அடிக்கிற மாதத்தில், முன்னுக்குப் போகும் காரின் புழுதிக்குள் அடுத்த கொடியே தெரியாது. ஒரு இடத்தில் மஞ்சளைக் கண்டால், அடுத்த வளைவில் கார் ஒன்று குறுக்கே கிடக்கிறது என்றே எடுத்துக்கொள்ளவேண்டும்.

இனி காருக்குள் வருவோம். பெடியள் கூடுதலாகக் காசு கொட்டுவது எஞ்சினுக்கு. ரோல் கேஜ், அதாவது கார் பிரண்டால் கூரை நசுங்காமல் தாங்குகிற குழாய்க் கூடு, என்று வரும்போது மட்டும் தண்ணிக் குழாய் ஞாபகம் வரும். அந்த ஜீஐ பைப், நாகம் பூசின இரும்புக் குழாய், நெடுக ஒட்டு உள்ளது. நசுங்கும்போது அந்த ஒட்டு வழியே பிளக்கும். நாகப்பூச்சைச் சுரண்டாமல் வெல்டிங் பிடித்தால் ஒட்டிலும் நம்பிக்கையில்லை, புகையும் நஞ்சு. உலகக் கார்ப் பந்தய அமைப்பான எவ்.ஐ.ஏ.யின் விதி கேட்பது ஒட்டில்லாத, குளிர்நிலையில் இழுத்த கார்பன் இரும்புக் குழாய். ஓட்டுநருக்குப் பின்னால் நிற்கும் பிரதான வளையத்துக்கு 45 மி.மீ. விட்டமும் 2.5 மி.மீ. தடிப்பும், அல்லது 50 மி.மீ. விட்டமும் 2 மி.மீ. தடிப்பும். வளைப்பதும் குளிர்நிலையில்தான், வளைவின் ஆரை குழாய் விட்டத்தைப்போல மூன்று மடங்காவது இருக்கவேண்டும். மணல் நிரப்பிச் சூடாக்கி வளைப்பது கேற் செய்யிறவருக்குச் சரி, இதற்குச் சரிவராது.

அதைவிட மோசம் குழாயின் அடி. அடித்தகடு மெல்லியது. குழாயை நேரே அதில் ஒட்டினால், கார் தலைகீழாக விழும்போது கேஜ் தகட்டைத் துளைத்துக்கொண்டு வெளியே போகும், கூரை உங்கள் தலைக்கு வரும். பிரதான வளையத்தின் காலுக்குக் கீழே குறைந்தது 3 மி.மீ. தடிப்பில், 120 சதுர சென்ரிமீற்றர் பரப்புள்ள தகடு வேண்டும். ஒட்டு குழாயைச் சுற்றி முழுவதும் போகவேண்டும். கூரைப் பக்கம் கை எட்டாது என்று முக்கால் சுற்றில் விடுகிற வெல்டர்மார் இருக்கிறார்கள். கண்ணாடி ஒன்றைப் பிடித்துப் பாருங்கோ, சொல்லை நம்பாதேங்கோ.

பெல்ற் பற்றித்தான் நிறையச் சொல்லவேண்டும், ஏனென்றால் பிழை கூடுதலாக நடப்பது அங்கேதான். தோள் பட்டியை சீற்றுக்குப் பின்னால் நிலத்தில் கட்டுவார்கள். முன்பக்கம் மோதும்போது அந்தப் பட்டி தோளைக் கீழ்நோக்கி இழுத்து முள்ளந்தண்டை நசுக்கும். கழுத்துக் காப்பான ஹான்ஸ் போடுகிறவருக்குத் தோளிலிருந்து பின்னால் போகும் கோணம் கிடைமட்டத்துக்குச் சமமாக, அல்லது 20 பாகைக்குள் கீழ்நோக்கி இருக்கவேண்டும். அப்படியென்றால் கேஜில் ஒரு குறுக்குக் குழாய் வேண்டும். பட்டி நீளம் கூடினால் மோதலில் அது இழுபடும் அளவும் கூடும், ஆகவே சீற்றுக்குக் கிட்டவே கட்டவேண்டும். இடுப்புப் பட்டி வயிற்றில் அல்ல, இடுப்பு எலும்பில் கிடக்கவேண்டும். முதலில் இடுப்பை இறுக்கி, பிறகு தொடை இடைப் பட்டி, கடைசியாகத் தோள். மாறிச் செய்தால் தோள் பட்டி இடுப்புப் பட்டியை வயிற்றுக்கு ஏற்றிவிடும். நிலத்தில் பிடிக்கிற இடத்தில் 12 மி.மீ., 8.8 தர போல்ற், கீழே 3 மி.மீ. தகடு. சும்மா வாஷர் போதாது.

பட்டிக்கு வயதும் உண்டு. பந்தயப் பாதுகாப்புச் சாமான்களுக்குத் தரம் வகுக்கும் அமெரிக்க அமைப்பான எஸ்.எவ்.ஐ.யின் 16.1 முத்திரை உள்ளது தயாரித்த திகதியிலிருந்து இரண்டு வருடம். வலிகாமத்துச் செம்மண் தூள் நூலுக்குள் ஏறி உள்ளுக்குள்ளேயே அரம்போல அறுக்கும், வெயில் மிச்சத்தைச் செய்யும். மென்மையான சவர்க்காரத்தில் கழுவி நிழலில் காயவிடலாம். பலத்த மோதலைக் கண்ட பெல்ற்றைப் பிறகு பாவிக்கவே கூடாது. பழைய பட்டியை வாங்கி, "நல்லாத்தான் கிடக்கு" என்று இழுத்துக் காட்டுகிறவரிடம் தயாரித்த திகதித் துண்டைக் கேளுங்கோ. வெட்டியிருந்தால் விளங்கிவிடும்.

ஹான்ஸ் ஆடம்பரம் என்று நினைக்கிறவர்கள் இருக்கிறார்கள். உடலைப் பெல்ற் பிடித்துக்கொள்ளும், தலையை ஒன்றும் பிடிக்காது. தலை முன்னால் போக, மண்டையோட்டின் அடிப்பகுதி உடைகிறது. 2001 பெப்ரவரியில் டேய்ற்றோனாவில் அமெரிக்கக் காரோட்டி டேல் ஏர்ன்ஹார்ட் இறந்தது அப்படித்தான். அந்த வருட முடிவுக்குள் அமெரிக்கக் கார்ப் பந்தய அமைப்பான நாஸ்கார், ஹான்ஸ் போன்ற தலைக் கட்டுப்பாட்டுக் கருவியைக் கட்டாயமாக்கியது.

ஹெல்மெற் விஷயத்தில் மோட்டச்சைக்கிள் ஹெல்மெற்றோடு காருக்குள் ஏறுகிற பழக்கம் நிற்கவேண்டும். ஹெல்மெற்றைச் சோதித்து முத்திரை குத்தும் ஸ்னெல் அமைப்பின் எம் வகை மோட்டச்சைக்கிளுக்கு, எஸ்.ஏ. வகை காருக்கு. எஸ்.ஏ.க்கு நெருப்புச் சோதனையும் கேஜ் குழாயில் அடிபடும் சோதனையும் உண்டு. உள்ளே நைலோன் உடுப்பு வேண்டாம், அது உருகித் தோலில் ஒட்டும்.

நெருப்பு. கார் தலைகீழாகக் கிடக்கும்போது எஞ்சின் நின்றாலும் மின் பெற்றோல் பம்ப் சிலவேளை அடித்துக்கொண்டேயிருக்கும். பெற்றோல் ராங்கின் காற்றுக்குழாயில் தடுப்பு வால்வு இல்லாவிட்டால் பெற்றோல் அதனூடே ஒழுகும். பற்றரி கழன்றால் பொறிக்கும் குறைவில்லை. பிரதான சுவிச்சைப் பெல்ற் இறுக்கியபடியே கை எட்டவேண்டும், வெளியேயிருந்தும் நிறுத்த முடியவேண்டும். வெளியே உள்ளதற்கு நீல முக்கோணத்துள் சிவப்பு மின்னல் அடையாளம். தீயணைப்பானை சீற்றுக்குக் கீழே உருட்டிவிடுவது மகா முட்டாள்தனம், மோதலில் அதுவே குண்டு. இரும்புப் பட்டியால் நிலத்தோடு கட்டுங்கோ. எஸ்.எவ்.ஐ.யின் 3.2ஏ/5 முத்திரை உள்ள பந்தய உடுப்பு இரண்டாம் தர எரிகாயத்துக்கு முன் தருவது ஏறக்குறைய 10 செக்கன். கண்ணைக் கட்டிக்கொண்டு பெல்ற் கழற்றி, யன்னல் வலை இறக்கி, வெளியே வர எவ்வளவு எடுக்கிறது என்று வீட்டு முற்றத்திலேயே பார்க்கலாம்.

ஆனால் நெருப்போ புகையோ இல்லாவிட்டால் காரை விட்டு இறங்கக்கூடாது. 2014 ஓகஸ்ற்றில் நியூயோர்க் மாநிலத்துக் கனண்டைகுவா மண் பாதையில், மோதிய கோபத்தில் காரை விட்டிறங்கி ஓடுபாதையில் நடந்த கெவின் வார்ட் ஜூனியரை இன்னொரு கார் அடித்தது. அதன் பிறகுதான் உதவியாளர் வரும்வரை காருக்குள்ளேயே இருக்கவேண்டும் என்று நாஸ்கார் விதி போட்டது. கூட்டத்துக்குக் கை காட்டிச் சண்டைக்குப் போவது எங்கட பெடியளுக்கும் பிடிச்ச வேலைதான்.

நம்மூருக்கு இன்னொரு பழக்கம். மாட்டுவண்டிச் சவாரித் திடலில் ஓட்டம் கிளம்பியதும் சனம் ஓரத்தை விட்டு உள்ளே நெருங்கும், மாடு வர விலகும். அதே கண்ணோடு கார்ப் பாதையோரமும் நிற்கிறார்கள். ஒரு தொன் இரும்பு பக்கவாட்டாகச் சறுக்கி வரும்போது விலக நேரமில்லை. வளைவின் வெளிப்பக்கம்தான் கார் போய் விழும் இடம். ஆட்கள் கூடி நிற்பதும் அங்கேயே. அங்கே சனம் நின்றால், காரை ஸ்ராட் கோட்டுக்குக் கொண்டுபோக மறுக்கிற உரிமை ஓட்டுநருக்கு உண்டு. கட்டின பணம் போகட்டும். மூன்று பேர் சேர்ந்து எஞ்சினை நிறுத்தினால், நடத்துகிறவர்கள் அடுத்த பத்து நிமிடத்தில் கயிற்றைப் பின்னுக்குத் தள்ளிக் கட்டுவார்கள்.