மயிலை விட்டுவிடுங்கள்

மேடையில் ஒருவர் பேசிய அந்த வீடியோவைப் பார்த்திருப்பீர்கள், இரண்டு நாளாக எல்லார் பக்கத்திலும் அதுதான் ஓடுகிறது. ஆண் நாலு இடம் போவது அவன் ஜீனில் இருக்கிறதாம், பெண் பணத்தைப் பார்த்து வருவதும் பொறுத்துப் போவதும் அவள் ஜீனில் இருக்கிறதாம். மேடையில் மயில் கதை வேறு. எதிரே உட்கார்ந்திருந்த கல்லூரிப் பிள்ளைகள் கைதட்டுகிறார்கள். பேசியவரை விட அந்தக் கைதட்டல்தான் என்னைத் தூங்கவிடவில்லை.

நான் பத்தொன்பது வருடமாக விலங்கியல் நடத்துகிறேன். அதனால் முதலில் மயிலைப் பற்றியே பேசுகிறேன். அந்தத் தோகை டார்வினைப் பாடாய்ப் படுத்தியது. மயிலிறகைப் பார்த்தாலே தனக்குக் குமட்டுகிறது என்று 1860இல் அமெரிக்கத் தாவரவியலாளர் ஆசா கிரேக்குக் கடிதமே எழுதினார். பிழைத்திருக்க உதவாத, ஓடவும் பறக்கவும் இடைஞ்சலான ஒன்று எப்படி வளர்ந்தது? 1871இல் அவர் சொன்ன பதில்: பெண் மயில் தேர்ந்தெடுக்கிறது, அதனால் வளர்ந்தது. பெண் தேர்ந்தெடுக்கும் என்பதை அந்தக் காலத்து அறிஞர்கள் பலரால் ஏற்க முடியவில்லை, டார்வினோடு சேர்ந்தே இயற்கைத் தேர்வை முன்வைத்த வாலஸ் உட்பட. டார்வினுக்கும் பெண்களைப் பற்றி அவர் காலத்து ஆண்களின் பார்வைதான் இருந்தது, அதையும் வகுப்பில் மறைக்காமல் சொல்வேன். ஆனால் மயில் கதையின் மையம் பெண்ணின் விருப்பம். அதை வெட்டி எறிந்துவிட்டு ஆணின் ஆசையை மட்டும் மேடை ஏற்றினால் எப்படி?

ஒன்றைத் தெளிவாகச் சொல்கிறேன். ஒரு நடத்தை எப்படி வந்திருக்கலாம் என்று பரிணாமம் விளக்கும். அதைச் செய்தவனுக்கு மன்னிப்புச் சீட்டு எழுதித் தராது.

'அப்போது பேட்மேன் சோதனை?' என்று ஒருவர் உள்பெட்டியில் கேட்டார். பேட்மேன் என்ற மரபியலாளர் 1948இல் பழ ஈக்களை வைத்துச் செய்தது. துணைகள் கூடக்கூட ஆணுக்குக் குஞ்சுகள் கூடும், பெண்ணுக்கு அவ்வளவாகக் கூடுவதில்லை என்றது அது. பாடப்புத்தகங்களில் வேரூன்றிவிட்டது. எந்தக் குஞ்சு யாருடையது என்று கண்டுபிடிக்க பெற்றோரிடமிருந்து வரும் உடல் குறைபாடுகளை அவர் அடையாளமாகப் பயன்படுத்தினார். 2012இல் பாட்ரீசியா கோவாட்டி குழுவினர் அதே முறையில் மறுபடி செய்து பார்த்தார்கள். தாயிடமிருந்து ஒன்று, தந்தையிடமிருந்து ஒன்று என இரண்டு குறைபாடும் வாங்கிய குஞ்சுகள் பல, எண்ணிக்கைக்கு வருமுன்பே செத்துவிடுகின்றன. கணக்கே கோணல். ஈயிலேயே இவ்வளவு தகராறு. இதை வைத்து மனிதக் குடும்பத்துக்குத் தீர்ப்பு எழுதுகிறோம்.

துணையிடம் எதை எதிர்பார்க்கிறார்கள் என்று 37 பண்பாடுகளில் உளவியலாளர் டேவிட் பஸ் எடுத்த ஆய்வையும் சொல்வார்கள், 1989இல் வந்தது. பெண்கள் வருமானத்துக்கும் ஆண்கள் அழகுக்கும் ஒப்பீட்டளவில் கூடுதல் இடம் கொடுத்தார்கள் என்பது உண்மை. மறுக்கவில்லை. ஆனால் இரு பாலாரும் அவற்றுக்கு மேலே வைத்தது அன்பான குணத்தையும் அறிவையும். அதை ஏன் எந்த மேடையிலும் சொல்வதில்லை? அதே தரவை 1999இல் ஈக்லி, வுட் என்ற இரு உளவியலாளர்கள் மறுபடி அலசினார்கள். ஆண் பெண் சமத்துவம் கூடுதலாக உள்ள நாடுகளில், துணையின் வருமானத்தைப் பார்ப்பதில் இருபாலாருக்கும் உள்ள வேறுபாடு குறைந்திருந்தது. சொந்தச் சம்பளம் வந்தால் அடுத்தவர் சம்பளத்தை எதற்கு அண்ணாந்து பார்க்க வேண்டும்?

சரி, விலங்கைத்தான் பார்ப்பேன் என்றால் எல்லா விலங்கையும் பாருங்கள். எங்கள் ஊர்த் தாமரைக் குளத்தில் இலைக்கோழி உண்டு. பெண் முட்டையிட்டுவிட்டு அடுத்த துணையைத் தேடிப் போய்விடும். ஆண்தான் அடைகாத்துக் குஞ்சு வளர்க்கும். ராஜஸ்தானின் அபு மலையில் லங்கூர் குரங்குகளை 1970களில் ஆராய்ந்த மானிடவியலாளர் சாரா ஹர்டி, பெண் குரங்குகள் பல ஆண்களோடு கூடுவதைப் பதிவு செய்தார். தந்தை யார் என்று தெரியாதபோது, தன் குட்டியாக இருக்கலாம் என்று ஆண்கள் அதைக் கொல்லத் தயங்கும் என்பது அவர் தந்த விளக்கம். பெண் இயல்பிலேயே அடக்கமானவள் என்ற பாடத்தையே அது அசைத்துவிட்டது. இதைச் சொல்லி ஒரு பெண் மன்னிப்புக் கேட்டால் அதே அரங்கம் கைதட்டுமா?

நான் பெண்ணியம் பேசுகிறேன் என்பார்கள். பேசுகிறேன், அதனால் என்ன? ஈக்களின் கணக்கு மாறிவிடுமா? பரிணாமத்தையே மறுக்கிறேன் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அதைப் படித்தபோது கை நடுங்கியது. என் பிழைப்பே அந்தப் பாடம்தான் ஐயா.

எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். பதினான்கு வருடம் முன்பு அத்தான் வேறொரு பெண்ணோடு போனார். அக்கா இரண்டு பிள்ளைகளோடு அம்மா வீட்டுக்கு வந்தாள். பேசி முடிக்கப் பெரியவர்கள் கூடினார்கள். 'ஆம்பளைனா அப்படி இப்படித்தான் இருப்பான், நீதான் அனுசரிச்சுப் போகணும்' என்றார் பெரியப்பா. ஒருவர்கூட மறுத்துப் பேசவில்லை. அக்கா திண்ணைத் தூணைப் பிடித்தபடி நின்றாள். நான் அப்போதே கல்லூரியில் பாடம் நடத்துகிறவள். நானும் வாய் திறக்கவில்லை. இன்று வரை அது உறுத்துகிறது.

இந்த வீடியோ சொல்வது பெரியப்பா சொன்ன அதே வாக்கியம். நடுவில் ஜீன் என்று ஒரு சொல் சேர்ந்திருக்கிறது, அவ்வளவுதான். அவராவது டார்வினை இழுக்கவில்லை.

பிலிப்பைன்ஸின் செபுவில் 624 ஆண்களைத் தொடர்ந்து கவனித்து 2011இல் ஒரு ஆய்வு வந்தது. தந்தையானவர்களுக்கு டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோன் நன்றாகக் குறைந்திருந்தது. நாளுக்கு மூன்று மணி நேரமோ அதற்கு மேலோ குழந்தையைப் பார்த்துக்கொண்டவர்களுக்கு, குழந்தையைக் கவனிக்காத தந்தையரை விட இன்னும் குறைவு. குழந்தையைத் தூக்கி வளர்க்கும் உடலும் ஆணுக்கு உண்டு. அதுவும் பரிணாமம் தந்ததுதான். என் அக்கா பிள்ளைகளைப் பள்ளிக்குக் கொண்டுபோய் விட்டவர் என் தாய்மாமா. சைக்கிளில் முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. அவர் ஜீனைப் பற்றி எந்த மேடையிலும் யாரும் பேசவில்லை.

முந்தாநாள் அந்த வீடியோ எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவுக்கும் வந்தது. சித்தப்பா மகன் அனுப்பியிருந்தான், கூடவே மூன்று சிரிப்புப் பொம்மைகள். தம்பி, இந்தப் பதிவை நீயும் படிப்பாய் என்று தெரியும். அதற்குக் கீழே அடுத்து என்ன வந்திருக்கிறது என்று ஒருமுறை போய்ப் பார். அக்கா குழுவிலிருந்து வெளியேறினாள் என்று ஒரு வரி இருக்கும்.