நீல லைட்ல செவப்பா மாட்டுற கேன்சர்

ஒரு சாயம் ஏத்துனா கேன்சர் செல் பளபளன்னு மின்னும், இனிமே எல்லாரும் டெஸ்ட் பண்ணிக்கலாம்னு ஒரு ஃபார்வேர்டு சுத்திட்டு இருக்கு. பாதி உண்மைங்க. ஆனா எல்லாருக்கும் எடுக்குற டெஸ்ட் இல்ல அது, ஆபரேஷன் பண்றவர் கண்ணுக்கு ஒரு ஒத்தாசை, அவ்ளோதான்.

மூத்திரப்பை கேன்சரையே பாருங்க. கேமரா விட்டு பாக்குறப்போ கட்டியா நிக்குறது சாதா வெள்ளை லைட்லயே தெரிஞ்சிடும், தட்டையா உள்சுவரோட ஒட்டிகிட்டு படருது பாருங்க, கார்சினோமா இன் சிட்டுன்னு, அதுதான் டாக்டர் கண்ணுக்கும் தப்பிச்சிடும், பாக்க சாதுவா இருந்தாலும் விட்டா தசைக்குள்ள எறங்குற ரகம். அதுக்குத்தான் ஹெக்ஸாமினோலெவுலினேட்னு ஒரு மருந்த ட்யூப் வழியா பைக்குள்ள விட்டு ஒரு மணி நேரம் மாதிரி வெச்சிருந்து அப்புறம் நீல லைட்ல பாக்குறாங்க. மருந்து தானா மின்னாதுங்க, செல்லு அத வாங்கி புரோட்டோபார்ஃபிரின்னு ஒண்ணா மாத்துது, நல்ல செல்லுல அது பெருசா தேங்காது, கேன்சர் செல்லுல தேங்கி நின்னு செவப்பா காட்டிக்குடுத்துடும். அமெரிக்காவுல 2010லயே அனுமதி குடுத்தாச்சு, இதோட சொந்தக்கார மருந்து ஒண்ண குடிக்க வெச்சு மூளைக்கட்டி ஆபரேஷன் பண்றதுக்கும் 2017ல குடுத்தாங்க.

அதுக்காக செவப்பா தெரிஞ்சதெல்லாம் கேன்சர்னு அர்த்தமில்ல. புண்ணு, வீக்கம் இருந்தாலும், இந்த கேன்சருக்காக பைக்குள்ள விடுற பிசிஜின்ற மருந்த சமீபத்துல ஏத்தியிருந்தாலும் மின்னும், கிள்ளியெடுத்து பயாப்சி பாத்துதான் முடிவு. காஸ்ட்லின்றதும் நெசம்தான், ஆனா இது திரும்பத் திரும்ப வர்ற வியாதி, விட்டுப்போன ஒரு துண்டுக்காக மறுபடி அட்மிஷன் மறுபடி மயக்க ஊசின்னு அலையுற செலவ யாரும் கணக்குல சேக்குறதில்ல, அதனால தட்டையா இருக்கும்னு சந்தேகப்படுற கேஸுக்காவது இத யூஸ் பண்ணணும்ன்றது என் கட்சி.

ஃபார்வேர்டுல சாயம்னாங்கல்ல, அதுல இன்னொரு வேடிக்க, 1895ல லுட்விக் ரேன்னு ஒரு ஜெர்மன் சர்ஜன் சாயம் தயாரிக்குற ஃபேக்டரில வேல செஞ்சவங்களுக்கு இந்த கேன்சர் வருதுன்னு கண்டுபிடிச்சு எழுதுனார். இப்ப பெரிய வில்லன் சிகரெட்டு.

ஆனா எந்த லைட்டா இருந்தாலும் ஆள் ஆஸ்பத்திரிக்கு போனாத்தானே. இந்த கேன்சரோட அறிகுறியா மூத்திரத்துல வலியே இல்லாம ஒரு தடவ ரத்தம் வரும், அதுவா நின்னுடும், நம்மாளுங்க சூடுன்னு சொல்லி ரெண்டு எளநி குடிச்சிட்டு வேலயப் பாக்க போயிடுறாங்க.