உறையைத் தூக்கிப் போடாதீர்கள்

குடும்பத்தின் பழைய கடிதங்களைப் பாதுகாக்க, அவற்றை ஸ்கேன் செய்து வைக்கச் சொல்லும் கட்டுரை ஒன்றைப் படித்தேன். சரிதான், ஆனால் உறையைப் பற்றி ஒரு வரிகூட இல்லையே! எங்கள் தாத்தாவின் கடிதங்களில் பாதிக்கு "செவ்வாய், காலை" என்பதுதான் தேதி. ஆண்டைக் காட்டிக்கொடுத்தது உறைமேல் இருந்த அஞ்சல் முத்திரை.

செய்தித்தாள் துணுக்குகளும் அப்படித்தான். கத்தரித்த புண்ணியவான் பத்திரிகைப் பெயரையும் தேதியையும் சேர்த்தே வெட்டி எறிந்திருப்பார். பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். பாட்டி பத்திரப்படுத்திய திருமண அறிவிப்பின் பின்னால் பாதி சினிமா விளம்பரம் இருந்தது. அந்தப் படம் வந்த ஆண்டைத் தேடியதும் காலம் ஓரளவு பிடிபட்டது. (மறுவெளியீடாகவும் இருக்கலாம், அதை மட்டும் நம்பிவிடாதீர்கள்.)

அப்புறம், துணுக்கைக் கடிதத்தோடு சேர்த்து மடித்து வைக்காதீர்கள். செய்தித்தாளில் உள்ள லிக்னின் (மரத்திலிருந்து தாளுக்கு வரும் ஒரு பொருள்) நாளடைவில் சிதைந்து அமிலமாகும். தான் பழுப்பதோடு நிற்காமல் பக்கத்துத் தாளிலும் கறையேற்றும். லேமினேஷன், செலோடேப் இரண்டும் வேண்டவே வேண்டாம். கிழிந்த கடிதம் ஒன்றில் அத்தை ஆசையாய் ஒட்டிய டேப், கையெழுத்துக்கு மேலிருந்த ஒரு பெயரை விழுங்கிவிட்டது. அது யார் பெயர் என்று வீட்டில் இன்னும் வாக்குவாதம் ஓய்ந்தபாடில்லை.